மணிக்கணக்கு

லேவார்டனில் மழை மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் வரும்.
பழைய பால் கூட்டுறவுக் கிடங்கின் இரண்டாம் மாடியில்
எங்கள் கம்பெனி: பதினொரு பேர்,
முனகும் காபி இயந்திரம் ஒன்று,
நொண்டப்போகும் பசுவை
மூன்று நாள் முன்பே காட்டிக்கொடுக்கும்
கழுத்துப்பட்டை ஒன்று. ஓசையில்லாத மணி.
இதுவரை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் ரென்ஸ்கே. சம்பளம் போடுகிறவள்.

ஆராய்ச்சிக்கென்று ஆள் வைத்தால்
அந்த ஆளின் சம்பள வரியில்
அரசாங்கம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.
கொஞ்சம்தான்.
ஹீல்கே எங்களோடு இருப்பதற்கும்
இல்லாமல் போவதற்கும் நடுவே
அந்தக் கொஞ்சம்தான் நிற்கிறது.

பதிலுக்கு, மணி மணியாக எழுதித் தர வேண்டும்.
யார், என்றைக்கு, எத்தனை மணி, எதைத் தெரிந்துகொள்ள.
விற்கப் போன மணி சேராது.
பழுது பார்த்த மணி சேராது.
முன்பே தெரிந்ததைத் திரும்பச் செய்த மணி
சேரவே சேராது.
தேடித் தோற்ற மணி சேரும்.
வரிச் சட்டத்தில் இப்படியொரு வரியை எழுதியவர்
வாழ்க்கையில் ஒருமுறையாவது
நன்றாகத் தோற்றிருப்பார்.

என் மணி எதுவும் சேராது.
எனக்கு எல்லாம் தெரியும்:
இருபத்தைந்தாம் தேதி, பதினொரு பெயர், பதினொரு தொகை.

பிப்ரவரியில் ஹீல்கே எழுதினான்:
"கொட்டகையில் நின்றேன்.
417 என்னைப் பார்த்தது. நான்கு மணி."
அடித்துவிட்டு, "நடையைக் கவனித்தல்" என்று போட்டேன்.
சட்டத்துக்குப் பசுவின் பார்வை புரியாது.

மார்ச் ஒன்பது: எட்டு மணி.
எதிரே வெறும் கட்டம்.
நான் கேட்கவில்லை. அந்த வாரம்தான் அனெகே
பாதி அலமாரியை வண்டியிலேற்றிக்கொண்டு
ஸ்வோலெக்குப் போயிருந்தாள்.

நவம்பரில் வந்தார் ஓவர்டைக், தணிக்கைக்கு, சைக்கிளில்,
முழங்காலுக்குக் கீழே சொட்டச் சொட்ட.
காபி வேண்டாம் என்றார். அப்புறம் குடித்தார்.
எண்ணூறு வரிசைகளைத் தாண்டி
விரல் நேராக அங்கே போய் நின்றது.
"இது என்ன எட்டு?"

என்னிடம் பொய் ஒன்று தயாராக இருந்தது.
தரவுப் பகுப்பாய்வு. நல்ல பொய்,
யாரும் தொட்டுப் பார்க்காத பொய்.
அதற்குள் ஹீல்கே சொல்லிவிட்டான்:
"அன்றைக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பசுவை நினைக்கவில்லை.
எடுத்துவிடுங்கள்."

எடுத்தார்.
திரும்பக் கட்ட வேண்டிய தொகையை நானே கணக்கிட்டேன்,
ஒரு ஜோடி ஷூவுக்குக் காணும்.

ஆனால் அவர் எழுந்துகொள்ளவில்லை.
மேசைமேல் கிடந்த பட்டையை எடுத்து
உள்ளங்கையில் எடை பார்த்தார்,
காதருகே கொண்டுபோய்க் குலுக்கினார்.
"தோக்கும் பக்கம் என் தம்பி
அறுபது மாடு வைத்திருக்கிறான்.
இது வேலை செய்யுமா?"

முதலாளி சீட்ஸே கதவோரம் நின்று
கண்ணாலேயே கெஞ்சினார்:
செய்யும் என்று சொல், செய்யும் என்று சொல்.

"தெரியாது," என்றான் ஹீல்கே.
"வலது பின்னங்காலில் ஏதோ இருக்கிறது.
என்னவென்று தெரியாது."

ஓவர்டைக் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
417 பார்த்ததைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.
பிறகு மீதி ஆண்டு முழுவதற்கும்
ஒரே ஒரு டிக் போட்டுவிட்டு
காயாத கால்சட்டையோடு மழைக்குள் இறங்கினார்.

வெள்ளிக்கிழமைத் தாள் வந்தது:
"கொட்டகை. குளிர். 417 இன்று
வாளியைச் சுற்றிப் போனது, தாண்டவில்லை.
ஏன்? மூன்று மணி."

பேனாவை மூடி வைத்தேன்.
அப்படியே அனுப்பினேன்.